பென்பரியின் அடிக்குறிப்பில் என் பெயர்

1

எங்கள் வீட்டுக்கு நாற்பத்தாறு படிகள். என் பேத்தி மெலனி அவற்றை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். ஆகவே அவளுக்கு இருபத்து மூன்று தாவல். அந்தப் புதன்கிழமை பின்னேரம் எனக்குக் கேட்டது பதினாறுதான். கதவைத் திறந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு தடித்த இசைப் புத்தகம்.

ஜெர்மனியின் ஹம் நகரத்திலிருந்து இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதும் பதினேழாவது குறிப்பு இது. முந்திய பதினாறிலும் பனியைப் பற்றி, பிந்தி வரும் ரயிலைப் பற்றி, ஒரே கடிதத்தை மூன்று முறை கேட்கும் அலுவலகங்களைப் பற்றி எழுதினேன். எல்லாம் மற்றவர்களின் குறைகள். உங்களில் சிலர் மாஸ்டர் எதையும் விடாமல் எண்ணிச் சொல்கிறார் என்று பாராட்டினீர்கள். எண்ணாமல் விட்ட ஒன்றைப் பற்றி இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

மெலனிக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். பக்கத்திலுள்ள ஜெர்மன் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பாடுகிறாள். அவள் என்னோடு ஒரு கிழமைக்கு எத்தனை வசனம் பேசுகிறாள் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. அதில் ஆறு "சாப்பிட்டன்" என்பது. அப்படிப்பட்டவள் அன்று மேசையில் புத்தகத்தை விரித்து, ஒரு பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"அம்மப்பா, இது நீங்களோ?"

பொடி எழுத்தில் இரண்டு வரி, ஆங்கிலத்தில். இந்த இராகம் இலங்கையின் யாழ்ப்பாணத்தில் தேவாலய ஆர்கன் வாசிக்கும் திரு. எஸ். சூசைப்பிள்ளை பாடக் கேட்டு எழுதப்பட்டது, அதை ஆக்கியவரும் அவரே என்று இருந்தது.

ஐம்பத்திரண்டு வருடம் கழித்து அந்த வரி என் மேசைக்கு வந்திருந்தது. அது அச்சில் இருப்பதே எனக்குத் தெரியாது.

"நீங்கள்தானே? உண்மையா?"

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சந்தோஷப்பட்டது கடைசியாக எப்போது என்று எண்ண முயன்றேன். எண்ணிக்கை வரவில்லை.

"ஓம்," என்றேன்.

2

றெஜினோல்ட் பென்பரியை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கிலாந்திலும் பலருக்குத் தெரியாதாம். இந்த வருடத்தோடு அவர் பிறந்து நூறு வருடம். அதனால்தான் மெலனியின் பாடகர் குழுவை நடத்தும் ஹெர் லூடெக்க, அவருடைய சிலுவைப்பாதை இசையைத் தேடி எடுத்து, தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்குப் பழக்கினார். மனிதரைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றையும் எனக்கு இரவல் தந்தார். தொண்ணூற்றாறு பக்கம். நான்கு நாளில் இரண்டு தரம் வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

கம்பளி ஆலைகள் நிறைந்த ஊரில் பிறந்தவர். தகப்பன் மணிக்கூடு திருத்துபவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பதினாலு வயதில் பென்பரி இசை அச்சடிக்கும் கடையொன்றில் பிரதி எழுதப் போனார். மற்றவர்களின் இசையைப் பன்னிரண்டு வருடம் கையால் எழுதி எழுதிக் கண் கெட்டது. இருபத்தாறு வயதில் நரம்புக் கருவிகளுக்கென்று சொந்தமாக ஒன்று எழுதினார். ஆலையில் வேலை செய்த பெண்ணொருத்தி பாடிய தாலாட்டிலிருந்து எடுத்த இராகம். அது வானொலியில் போனது, அவருக்குப் பெயர் வந்தது. அந்தப் பெண் அயல்வீட்டு வானொலியில் அதைக் கேட்டுவிட்டு அவருக்கு ஒரு வரியில் கடிதம் போட்டாள். "அது என் அம்மாவின் பாட்டு" என்று மட்டும் அதில் இருந்தது.

அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டிவைத்தார் பென்பரி. சாகும்வரை அது அங்கே இருந்ததாம். அதற்குப் பிறகு யாரிடம் ஒரு இராகத்தைக் கேட்டு எழுதினாலும், யார் பாடியது, யார் ஆக்கியது என்று விசாரித்து, பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் பேனையை மூடுவார்.

இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்தார். விசாரணை வைத்து, ஒரு மருத்துவமனையின் சலவைக்கு அனுப்பினார்கள். நான்கு வருடம் இரத்தம் தோய்ந்த துணி துவைத்தார். போர் முடிந்தபோது நண்பர்கள் இல்லை, இசை கேட்டு வருவாரும் இல்லை. அதனால் இசைப் பரீட்சகராகக் கப்பலேறினார். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் பியானோவில் தட்டுத்தடுமாறுவதைக் கேட்டுப் புள்ளி போடுவது வேலை. கப்பலில் இருந்தபடிதான் தன் இசையை எழுதினார். மொத்தம் நாற்பத்தொரு படைப்புகள். ஒன்றைத் தவிர எல்லாம் சின்னவை.

அந்த ஒன்றுதான் இது. பாடகர் குழுவுக்கும் ஆர்கனுக்கும் இரண்டு செலோக்களுக்கும் எழுதியது. ஒரு தனிக்குரல் தொடங்கும். மற்றவர்கள் உடனே சேரமாட்டார்கள். வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வரத் தயங்குவதுபோல இரண்டு தாள அளவு தாமதித்துச் சேர்வார்கள். ஒத்திகையில் அதைக் கேட்டேன். எங்கள் ஊர்க் கோயிலின் பின்வாசலை அந்த மனிதர் அப்படியே எழுதி வைத்திருந்தார். அதில் பதினான்கு பகுதிகள்.

பதினைந்து இருந்திருக்க வேண்டும்.

3

ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் பத்தொன்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன், கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். ஆங்கிலம் பேசத் தெரிந்ததால், பரீட்சை எடுக்க வந்த பென்பரிக்குப் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிடும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று நாள், ஐம்பத்தேழு பிள்ளைகள். நெடிய, மெலிந்த மனிதர். இரண்டு கைகளிலும் தோல் வெடித்த தழும்புகள் இருந்தன. சலவைச் சோடாவால் என்று இப்போதுதான் தெரிகிறது.

அது ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். வெள்ளிக்கிழமை மாலை அவர், "உங்கள் ஆட்கள் பாடுவதைக் கேட்க வேண்டும். ஆர்கன் வேண்டாம்," என்றார். கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கோயிலில் பள்ளிக்கூடத்து ஆட்களுக்கு முன்வாங்குகள். கடற்கரை ஆட்கள் பின்வாசலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். எழுதிய சட்டம் எதுவுமில்லை, ஆனால் யாரும் மாறி நின்றதில்லை. சிலுவைப்பாதை முடிந்ததும் அந்தப் பின்வாசலில் இருந்துதான் பசாம் எழும்பும். யேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் பாட்டு. தொடங்குபவர் சவிரிமுத்து, மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர். பாட்டும் அவர் கட்டியதுதான். பதினான்கு நிலைக்குப் பதினான்கு பாட்டு. பிறகு பதினைந்தாவது. அதில் கட்டியவரின் பெயர் வரும். பசாம் கட்டுபவர்களின் வழக்கம் அது. வேறெங்கும் அவர்களுடைய பெயர் எழுதப்படுவதில்லை என்பதால் பாட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

பென்பரி கண்ணாடியைக் கழற்றி மூன்று தரம் துடைத்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துப் பியானோவுக்குப் பக்கத்தில் என்னை இருத்தி, அதை மெதுவாகப் பாடச் சொன்னார். எத்தனையோ தபசுகளில் கேட்டது, எனக்கு முழுதும் பாடம். பாடினேன், எழுதினார். பதினான்காவதோடு நிறுத்தினேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"யார் ஆக்கியது?"

சவிரிமுத்துவின் பெயரைச் சொல்லியிருந்தால் பென்பரி எழுந்து கடற்கரைக்கு நடந்திருப்பார். அந்த மனிதர் அப்படிப்பட்டவர். நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பேன். மூன்று நாள் பக்கத்தில் நின்ற பெருமை முடிந்திருக்கும். காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருக்காதா என்று நானும் தேடிப் பார்த்தேன்.

"நான்," என்றேன்.

பெயரைக் கேட்டு எழுதினார். எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார். ஒரு எழுத்து பிழையாக இருந்தது, நான் திருத்தினேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் திருத்தத்தை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

இரண்டு வருடம் கழித்து ஒரு சோளகக் காற்றில் சவிரிமுத்துவின் வள்ளம் திரும்பி வரவில்லை. அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள்.

4

அந்த மகள் ஹம்மில்தான் இருக்கிறாள். றொசலினுக்கு இப்போது அறுபது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருவாள். பதினான்கு வருடமாகத் தெரியும். "சுகமோ மாஸ்டர்" என்று அவள் கேட்க, "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். ஒரு மேசையில் நாங்கள் இருந்து தேத்தண்ணி குடித்தது கிடையாது. நான்தான் இருப்பதில்லை.

மெலனி தாயிடம் சொன்னாள், தாய் பத்துப் பேரிடம் சொன்னாள். அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுக்கும்போது எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். இருபத்திரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

"மாஸ்டர், இனி உங்களோட கதைக்கிறதுக்கும் டெர்மின் எடுக்கவேணுமோ?" என்றார் ஒருவர், அலுவலகங்களில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய சந்திப்பு நேரத்தைச் சொல்லி.

"டெர்மின் எடுத்தாலும் மூண்டு மாதம் செல்லும். வெள்ளைக்காரனுக்கே பாட்டுக் குடுத்த ஆள்," என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது றொசலின் முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், என்ர அப்பாவும் பசாம் படிச்சவர். ஞாபகமிருக்கோ? பின்வாசலிலை நிண்டு."

"ஓம், ஓம்."

"நீங்கள் கட்டினதைத்தான் அவர் படிச்சவர் போல. எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது பாருங்கோ. நான் அது அவற்ற எண்டெல்லோ நினைச்சிருந்தன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "வாற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு லீவு கேட்டிருக்கிறன். கட்டாயம் வருவன், கேட்க."

கையிலிருந்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தேன். தகப்பனுடையது என்று ஐம்பது வருடமாக வைத்திருந்ததை, என் பொய்யைக் கேட்டு அவளாகவே எனக்குத் தந்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்பவள்போல நின்றாள்.

5

ஹெர் லூடெக்கவிடம் சொல்ல வேண்டும். அதற்கு என் ஜெர்மன் போதாது. தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்று பொறுக்கிய ஜெர்மன் அது. இயந்திரம் பழுது, கை வெட்டுப்பட்டது, நாளைக்கு வரமாட்டேன் என்றெல்லாம் சொல்வேன். களவெடுத்தேன் என்று முறையாகச் சொல்லத் தெரியாது. ஆகவே முதலில் மெலனியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவளை இருத்திச் சொன்னேன். ஏழு நிமிடம் எடுத்தது. 

"ஏன் அப்படிச் சொன்னீங்கள்?"

"பெருமைக்கு."

"அண்டைக்கு நான் கேட்டனான். அப்பவும் ஓம் எண்டு சொன்னீங்கள். அது ஏன்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால், அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் காட்டி, குற்றத்தில் பாதியை அவள் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அதுவும் பெருமைக்குத்தான்."

"நான் எல்லாருக்கும் சொல்லிட்டன், அம்மப்பா," என்றாள். பிறகு எழுந்து சப்பாத்தைப் போட்டாள். "வாங்கோ. அவர் ஆறு மணி வரைக்கும்தான் அங்க நிப்பார்."

வழி முழுக்க எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாள்.

ஹெர் லூடெக்க அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார். பிறகு, இசைப் புத்தகத்தில் பெயரை மாற்றுவதென்றால் இங்கிலாந்துப் பதிப்பகத்துக்கு எழுத்தில் அன்ட்ராக் என்னும் விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்றார். ஆதாரம் இருக்கிறதா?

"நான்தான்," என்றேன். மெலனி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை.

நிகழ்ச்சித்தாள் இருநூற்றைம்பது பிரதி அச்சாகி வந்துவிட்டது. என் பெயர் இரண்டு இடத்தில். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு கறுப்புப் பேனைகளை எடுத்து முன்னால் வைத்தார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

என் பெயரை வெட்டி, மேலே சவிரிமுத்து என்று ஜெர்மன் எழுத்தில் எழுதினோம். ஐந்நூறு வெட்டு. மெலனி நூற்றுப் பன்னிரண்டு பிரதி முடித்தாள், நான் நூற்று முப்பத்தெட்டு. அவள் வெட்டியவற்றைப் பார்த்தேன். அளவுகோல் வைத்ததுபோல ஒரே கோடு. கீழே இருந்த பெயர் கொஞ்சமும் தெரியவில்லை.

6

சனிக்கிழமை காலை றொசலின் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துவிட்டாள்.

"என்ன மாஸ்டர், இந்தப் பக்கம்? ஆருக்கும் சுகமில்லையோ?"

நின்றுகொண்டே சொன்னேன். பசாம் உன் அப்பா கட்டியது, நான் கட்டவில்லை, வெள்ளைக்காரனிடம் பொய் சொன்னேன், அச்சில் பொய் இருக்கிறது. மெலனியிடம் சொன்ன அதே ஒழுங்கில் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அது அப்பான்ரதான்," என்றாள்.

"ஓம்."

"எனக்குத் தெரியும். நீங்கள் எண்டபடியால்தான் என்ர நினைப்புப் பிழை எண்டு விட்டனான்." ஒரு வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தாள். "படிச்ச ஆக்கள் சொன்னால் எங்கட நினைப்பு எங்களுக்கே பிழையாப் போகுது, என்ன?"

 இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன். பதினான்கு பாட்டை மட்டும் பாடி, அவருடைய பெயர் வந்த பதினைந்தாவதை விட்டதைச் சொன்னேன்.

அப்போதுதான் கத்தியை வைத்தாள்.

"பெயர் வந்ததோ? அப்பா தன்ர பேரை வைச்சவரோ?"

"கடைசிப் பாட்டிலை."

"எனக்கு அது தெரியாது, மாஸ்டர். அசந்து நித்திரை கொள்ளுற வயசு. கடைசிவரைக்கும் நான் முழிச்சிருந்ததே இல்லை. அம்மாவும் பிறகு அதை வாயிலை எடுக்கேல்லை." கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு எனக்கு நேரே இருந்தாள். "சொல்லுங்கோ."

சொன்னேன்.

முள்முடி சூடியோனே, மூன்றாணி ஏற்றோனே,
கள்வர் நடுவினிலே கண்மூடிப் போனோனே,
உள்ளதெல்லாம் உன்பதத்தில் ஒப்படைத்துப் பாடிநின்றேன்

அங்கே நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். மூன்று வரி வந்தது. ஆறு தரம் சொன்னேன். ஆறு தரமும் மூன்று வரிதான்.

"நாலாவது?"

"அதிலைதான் பேர் வரும்."

அவள் காத்திருந்தாள். எதையும் மறக்காதவன் என்று பேரெடுத்த நான், விட வேண்டும் என்று ஒருநாள் காலை விட்ட ஒரு வரியை ஐம்பத்திரண்டு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அது எனக்காகக் காத்திருக்கவில்லை.

அப்போது வாயில் ஒரு வரி வந்தது. வள்ளம், சவிரிமுத்து, கரை சேர்ப்பாய் என்று எதுகையோடு, கச்சிதமாக. நான் தமிழ் படிப்பித்தவன். அப்படி ஒரு வரி செய்ய எனக்கு அரை நிமிடம் போதும். சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், சந்தோஷப்பட்டிருப்பாள். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நாக்கு நுனிவரை வந்ததை நான் மறைக்கவில்லை.

"எனக்கு ஒரு வரி வருது, பிள்ளை. ஆனால் அது உங்கட அப்பான்ரை இல்லை. நான் இப்ப கட்டினது."

றொசலின் தலையை ஆட்டினாள்.

"அது வேண்டாம்," என்றாள். "நீங்கள் ஒருக்கா கட்டினது போதும்."

பேரனின் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்து மூன்று வரியையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். நாலாவதின் இடத்தை விடச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நீங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதிறனீங்கள்தானே?"

"ஓம்."

"அதிலை கேளுங்கோ. அங்க ஆராவது வயசு போன ஆக்கள் வைச்சிருப்பினம். ஆனால் சும்மா கேக்கப்படாது, மாஸ்டர். ஏன் தொலைஞ்சது எண்டதையும் எழுதோணும். உங்கட பேரோட."

"எழுதுறன்."

"ஒண்டும் விடப்படாது."

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நீலச் சேலை கட்டி, முன்வாங்கில் இருந்தாள். இசை நாற்பத்தொன்பது நிமிடம் நடந்தது. பதினான்காம் பகுதி முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். றொசலின் எழவில்லை. இன்னும் ஒன்று வர இருக்கிறது என்பதுபோல, பாடகர் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடற்கரையில் இப்போது யார் இருக்கிறார்கள், யார் எந்த முகாமில், எந்த நாட்டில் என்று எனக்குத் தெரியாது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இதை வாசித்தால், அல்லது உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்து அவருக்கு யாராவது வாசித்துக் காட்டினால், மேலே உள்ள மூன்று வரிகளையும் இராகத்தோடு சொல்லிப் பாருங்கள். நாலாவது தானாக வரக்கூடும். வந்தால் எனக்கு எழுத வேண்டாம். பத்திரிகைக்கு எழுதி, சவிரிமுத்துவின் மகளுக்கு என்று போடுங்கள். அவர்கள் அவளிடம் சேர்ப்பார்கள்.

எஸ். சூசைப்பிள்ளை
ஹம், ஜெர்மனி